ஸ்ட்ரைக் ஃபண்டுக்கு செக் அனுப்பின சீஃப் ஜஸ்டிஸ்

1890-ல மெல்பர்ன்ல ஒரு லெட்டர் போச்சு. எழுதினவர் விக்டோரியா காலனியோட (இன்னிக்கு ஆஸ்திரேலியாவுல ஒரு மாநிலம், அப்ப பிரிட்டிஷ் காலனி) சீஃப் ஜஸ்டிஸ், பேரு ஜார்ஜ் ஹிகின்பாதம். வாங்கினவர் டிரேட்ஸ் ஹால் கவுன்சில் தலைவர், அதாவது ஊர்ல இருக்கிற தொழிற்சங்கங்களுக்கெல்லாம் பொதுவான சங்கத்தோட தலைவர். உள்ள அம்பது பவுண்டுக்கு ஒரு செக். இதை ஸ்ட்ரைக் ஃபண்டுல வரவு வச்சுக்கோங்க, முதலாளிங்க எங்களோட உக்காந்து பேசணும்னு நீங்க கேக்கிறது நியாயமான கோரிக்கைதான், அதுக்கு அவங்க இணங்குறதுக்காக நீங்க காத்திருக்கிற வரைக்கும் இப்போதைக்கு வாரா வாரம் பத்து பவுண்டு அனுப்பிக்கிட்டே இருப்பேன், இதுதான் விஷயம். மொத்தமே ரெண்டு வாக்கியம். "சீஃப் ஜஸ்டிஸ் தன் வணக்கத்தைத் தெரிவிச்சுக்கிறார்"னு, தன்னோட பதவியோட பேர்லயே எழுதியிருந்தாரு.

நல்லா வேலை தெரிஞ்ச ஒரு கொத்தனாருக்கு வாரத்துக்கு மூணு பவுண்டு கையில வந்தாலே அப்ப பெரிய விஷயம், அதனால இது சும்மா பேருக்குப் போட்ட காசு இல்ல. அதைவிட முக்கியம், இவரு ரகசியமா யார்கிட்டயாவது கொடுத்தனுப்பியிருக்கலாம், பேரு போடாதீங்கன்னு சொல்லியிருக்கலாம், அப்படி எதுவும் பண்ணல. லெட்டர் பேப்பர்ல வந்துச்சு, ஊரே பாத்துச்சு, பணக்காரங்க தரப்பு கொதிச்சுப் போச்சு, நாளைக்கு இந்த ஸ்ட்ரைக் சம்பந்தமா கோர்ட்டுக்கு கேஸ் வந்தா இந்த ஆளு எப்படி நடுநிலையா தீர்ப்பு சொல்வாருன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியில நியாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு நீதிபதி இப்படிப் பண்ணா நானே கூட கேப்பேன். ஆனா அந்த வருஷம் அந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த செக்கோட வெயிட்டு புரியும்.

1890 ஆகஸ்ட்ல கப்பல் ஆபீசருங்க வேலையை விட்டு இறங்கினாங்க. அவங்க கேட்டது சம்பளம் மட்டும் இல்ல, எங்க சங்கத்தை டிரேட்ஸ் ஹாலோட சேத்துக்கிறோம்னாங்க, கப்பல் முதலாளிங்க, அதுலேர்ந்து வெளிய வந்தாத்தான் பேச்சுவார்த்தைன்னுட்டாங்க. அவ்வளவுதான், துறைமுகத் தொழிலாளிங்க, மாலுமிங்க, நிலக்கரி சுரங்கத்துக்காரங்க, கடைசியில மெல்பர்ன்ல கேஸ் ஃபேக்டரியில உலைக்கு கரி தள்ற ஆளுங்க வரைக்கும் ஸ்ட்ரைக் பரவிடுச்சு, தெரு விளக்கு எரியுமா எரியாதான்னு நகரம் பயந்து போச்சு. ஆகஸ்ட் கடைசியில பெரிய பொதுக்கூட்டம் வருதுன்னு அரசாங்கம் குதிரைப்படையைக் கொண்டு வந்து நிறுத்துச்சு. அந்தப் படைக்குத் தலைமை தாங்கின கர்னல் டாம் பிரைஸ்னு ஒருத்தர், தன்னோட ஆளுங்ககிட்ட சுட வேண்டி வந்தா தாழ்வா சுடுங்க, கீழ சாய்ச்சுடுங்கன்னு சொன்னது இன்னிக்கு வரைக்கும் ஆஸ்திரேலிய வரலாற்றுல மறக்கப்படாத பேச்சு. படையைக் கூப்பிட்ட அரசாங்கத்துல சீஃப் செக்ரட்டரியா இருந்தது ஆல்ஃபிரட் டீக்கின், அவரும் வக்கீல்தான், பின்னாடி ஆஸ்திரேலியாவுக்கே பிரதமரானவர். (அதே வருஷக் கடைசியில மந்திரிசபை கவிழ்ந்ததும் டீக்கின் நம்ம ஊர்ப் பக்கம் இந்தியா, இலங்கைன்னு பாசனத் திட்டங்களைப் பாக்கக் கிளம்பிட்டாரு, அது பத்தி ஒரு புத்தகமே எழுதினாரு. அது தனிக் கதை.)

இப்படி ஒரு பக்கம் துப்பாக்கி, இன்னொரு பக்கம் பசியில தொழிலாளி குடும்பம், முதலாளிங்க பேசவே மாட்டோம்னு நிக்கிறாங்க. அப்பதான் காலனியோட மிக உயர்ந்த நீதிபதி, பேசச் சொல்லிக் கேக்கிறது நியாயம்தானேன்னு எழுத்துல கொடுத்தாரு. மெல்பர்ன்ல வேலை பாக்கிற எனக்கு இந்த ஊரோட பழைய மனுஷங்கள்ல ரொம்பப் பிடிச்ச ஆளு இவருதான். பிடிச்சதுக்குக் காரணம் சொல்றேன், அதோட எனக்கு இவர்கிட்ட ஆறாத ஒரு கோவமும் இருக்கு, அதையும் சொல்லாம விட முடியாது, ஏன்னா ரெண்டும் ஒரே இடத்துலேர்ந்துதான் வருது.

ஹிகின்பாதம் 1826-ல டப்ளின்ல ஒரு வியாபாரி குடும்பத்துல பொறந்தாரு. டிரினிட்டி காலேஜ்ல படிச்சிட்டு லண்டன் போய் மார்னிங் க்ரானிக்கிள்ங்கிற பேப்பர்ல ரிப்போர்ட்டர் வேலை, கூடவே லிங்கன்ஸ் இன்ல சட்டம் படிச்சு 1853-ல பாரிஸ்டர் ஆனாரு. அந்த வருஷக் கடைசியிலேயே கப்பல் ஏறிட்டாரு. 1851-ல விக்டோரியாவுல தங்கம் கிடைச்சதுலேர்ந்து உலகமே அங்க ஓடிக்கிட்டு இருந்த நேரம் அது, தங்கம் தோண்டப் போனவங்க பின்னாடியே அவங்க சண்டைய வழக்காட வக்கீலுங்களும் போனாங்க. இவரு வந்து இறங்கின 1854 கடைசியிலதான் பாலராட்ல யுரேகா கலகம் நடந்துச்சு, சுரங்கத் தொழிலாளிங்க லைசன்ஸ் கட்டணத்தை எதிர்த்து தடுப்பு கட்டி நின்னு சுடப்பட்டாங்க.

வந்த ரெண்டாவது வருஷத்துலேயே, 1856-ல, ஆர்கஸ் பேப்பருக்கு எடிட்டர் ஆயிட்டாரு. ஆர்கஸ் அப்ப ஊர்ல பெரிய பேப்பர், அதே 1856-லதான் மெல்பர்ன் கல்தச்சருங்க எட்டு மணி நேர வேலைன்னு போராடி ஜெயிச்சாங்க, புதுசா எலெக்‌ஷன் நடந்து பொறுப்பாட்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சதும் அதே வருஷம். அதாவது, மக்கள் ஓட்டு போட்டு ஒரு சபை வரும், அந்த சபையோட நம்பிக்கை இருக்கிறவங்கதான் மந்திரி, லண்டன்லேர்ந்து வர்ற கவர்னர் அவங்க சொல்படி நடக்கணும். காகிதத்துல அப்படி. நிஜத்துல அது எவ்வளவு தூரம் உண்மைங்கிற கேள்வியைத்தான் இந்த மனுஷன் மிச்ச ஆயுசு பூரா பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. 1859-ல பேப்பர் முதலாளிகளோட ஒத்துப் போகாம எடிட்டர் வேலையை விட்டாரு, வக்கீல் தொழில் பாத்தாரு, 1861-ல பிரைட்டன் தொகுதியிலேர்ந்து சட்டமன்றத்துக்குப் போனாரு, 1863-ல பிரிமியர், அதாவது காலனியோட முதலமைச்சர், மெக்கல்லக்கோட மந்திரிசபையில அட்டர்னி ஜெனரல். வயசு 37.

அடுத்த அஞ்சு வருஷம் நடந்தது சினிமா மாதிரி இருக்கும், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

விக்டோரியாவுல ரெண்டு சபை. கீழவைக்கு ஆம்பளைங்க எல்லாருக்கும் ஓட்டு. மேலவை முப்பது பேர், அதுல உறுப்பினர் ஆகணும்னா 5,000 பவுண்டு பெறுமான நிலம் இருக்கணும், அவங்களுக்கு ஓட்டு போடவே 1,000 பவுண்டு பெறுமான சொத்தாவது, இல்ல அதுக்கு ஈடா வேற தகுதியாவது வேணும். அதாவது பெரிய ஆட்டுப் பண்ணைக்காரங்களும் இறக்குமதி வியாபாரிகளும் உக்காந்திருக்கிற சபை. அதைக் கலைக்கவும் முடியாது. தங்கம் குறைய ஆரம்பிச்சு வேலை இல்லாம தவிச்ச மக்கள், வெளிநாட்டு சரக்குக்கு வரி போடு, உள்ளூர்ல தொழிற்சாலை வரட்டும்னு கேட்டாங்க, ஏஜ் பேப்பர் நடத்தின டேவிட் சைம் தினம் அதை எழுதினாரு. 1865-ல அரசாங்கம் சுங்க வரி மசோதா கொண்டு வந்துச்சு. மேலவை இதை விடாதுன்னு தெரியும், அதனால ஹிகின்பாதமும் மெக்கல்லக்கும் என்ன பண்ணாங்கன்னா வரியை எடுத்து அரசாங்கத்தோட செலவு மசோதாவோட சேத்துக் கட்டிட்டாங்க. பண மசோதாவை மேலவை திருத்தக் கூடாது, ஏத்துக்கலாம் இல்ல மொத்தமா தள்ளிடலாம், அவ்வளவுதான் விதி. தள்ளினா அரசாங்க ஊழியருக்கு சம்பளம் நின்னுடும், அந்த அளவுக்குப் போக மாட்டாங்கன்னு நினைச்சாங்க. போனாங்க. மேலவை மொத்தத்தையும் தள்ளிடுச்சு.

சம்பளம் இல்ல, போலீசுக்கு இல்ல, ரயில்வேக்கு இல்ல. புது வரியை வசூல் பண்ணவும் சட்டம் இல்ல, ஆனா கீழவை தீர்மானம் போட்டுச்சுன்னு சொல்லி அரசாங்கம் வசூல் பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட் அது செல்லாதுன்னு தீர்ப்பு கொடுத்துடுச்சு. அப்பதான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. லண்டன் சார்ட்டர்ட் பேங்க்னு ஒரு பேங்க், அதோட டைரக்டர்கள்ல பிரிமியர் மெக்கல்லக்கும் ஒருத்தர். அந்த பேங்க் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கும். உடனே கடனைத் திருப்பித் தான்னு அரசாங்கத்து மேலயே கேஸ் போடும். அட்டர்னி ஜெனரல் எதிர்த்து வாதாட மாட்டாரு, ஆமா தரணும்னு ஒத்துக்குவாரு. கோர்ட் தீர்ப்பாயிடுச்சுன்னா அந்தத் தொகையை கஜானாவுலேர்ந்து கொடுக்கலாம்னு அப்ப சட்டம் இருந்துச்சு, அதுக்கு மேலவையோட அனுமதி தேவையில்ல. பணம் பேங்குக்குப் போகும், பேங்க் மறுபடி கடன் கொடுக்கும், மறுபடி கேஸ். இப்படியே சுத்தி சுத்தி சம்பளம் போட்டாங்க!

இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு ஒரே சந்தோஷம், என்ன மூளைன்னு. அப்புறம் யோசிச்சப்ப கொஞ்சம் உறுத்துச்சு, சட்டத்தைக் காப்பாத்த வேண்டிய அட்டர்னி ஜெனரலே சட்டத்தோட ஓட்டையில புகுந்து வர்றாரே, நாளைக்கு ஒரு மோசமான அரசாங்கம் இதே வழியில வந்தா யாரு தடுப்பாங்க. ஆனா அவரு பக்கத்து வாதம் இதுதான், ஓட்டு போட்ட மக்கள் கொடுத்த பணத்தை எப்படி செலவு பண்றதுன்னு ஓட்டு வாங்கின சபைதான் முடிவு பண்ணணும், நிலம் வச்சிருக்கிற முப்பது பேர் இல்ல. நடுவுல எலெக்‌ஷன் வந்துச்சு, அரசாங்கம் பெரிய மெஜாரிட்டியில ஜெயிச்சுச்சு, 1866-ல ஒரு வழியா சுங்க வரி சட்டமாச்சு.

அடி வேற ஆளுக்கு விழுந்துச்சு. கவர்னர் சர் சார்லஸ் டார்லிங். மந்திரிங்க சொன்னபடி கையெழுத்து போட்டவர் அவரு, அதுக்காக லண்டன் அவரை 1866-ல திரும்பக் கூப்பிட்டுடுச்சு, வேலையும் போச்சு, பென்ஷனும் கேள்விக்குறி. மெல்பர்ன் மக்கள் அவரைக் கொண்டாடினாங்க, கவர்னருக்குப் பணம் கொடுக்க விதி இடம் கொடுக்காதுன்னு சொல்லி கீழவை அவரு மனைவிக்கு 20,000 பவுண்டு கொடுக்கறதா முடிவு பண்ணுச்சு. மேலவை அதையும் தள்ளுச்சு. மறுபடி செலவு மசோதா நின்னுச்சு, மறுபடி சம்பளம் இல்ல, மறுபடி எலெக்‌ஷன், இப்படியே 1868 பாதி வரைக்கும் ஓடுச்சு. கடைசியில லண்டனே டார்லிங்குக்கு ஒரு ஏற்பாடு பண்ணினப்புறம்தான் அடங்குச்சு.

ஹிகின்பாதம் இதுலேர்ந்து கத்துக்கிட்டது ஒண்ணு. நம்ம எதிரி மேலவை மட்டும் இல்ல, லண்டன்ல காலனி ஆபீஸ்ல, அதாவது காலனிகளைக் கவனிக்கிற அரசாங்க இலாகாவுல, யாருக்கும் தெரியாம உக்காந்திருக்கிற குமாஸ்தாவும்தான். 1869-ல சட்டமன்றத்துல பேசுறப்ப சொன்னாரு, இந்தக் காலனிகள்ல வாழ்ற பதினஞ்சு லட்சம் ஆங்கிலேயர்கள், பதினஞ்சு வருஷமா தங்களுக்கு சுயாட்சி இருக்குன்னு நம்பிட்டு இருக்காங்க, ஆனா அத்தனை வருஷமும் அவங்களை நிஜத்துல ஆண்டது ராஜர்ஸ்னு பேரு உள்ள ஒருத்தர்தான்னு. ஃப்ரெடரிக் ராஜர்ஸ் காலனி ஆபீஸ்ல நிரந்தர துணைச் செயலாளர். எலெக்‌ஷன்ல நின்னவரு இல்ல, ஆஸ்திரேலியாவுல யாருக்கும் பதில் சொல்ல வேண்டியவரும் இல்ல, கவர்னருக்கு எழுதுற உத்தரவெல்லாம் அவரு மேஜையிலேர்ந்துதான் வரும். உள்ளூர் விஷயத்துல லண்டன் தலையிடக் கூடாதுன்னு ஹிகின்பாதம் தீர்மானங்கள் கொண்டு வந்தாரு, சபை நிறைவேத்துச்சு. ஆனா பேச்சுல அந்த "ஆங்கிலேயர்கள்"ங்கிற வார்த்தையை கவனிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

நடுவுல பள்ளிக்கூட விஷயம். அப்ப அரசாங்கப் பணம் சர்ச் பள்ளிக்கூடங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கப்பட்டுச்சு, ஒரு சின்ன ஊர்ல மூணு சபைக்கு மூணு அரைகுறை பள்ளிக்கூடம், பக்கத்து ஊர்ல ஒண்ணுமே இல்ல. 1866-ல ராயல் கமிஷன் போட்டாங்க, தலைவர் ஹிகின்பாதம். எல்லாக் குழந்தைக்கும் பொதுவா ஒரே பள்ளிக்கூடம்ங்கிற திசையில 1867-ல மசோதா கொண்டு வந்தாரு, சர்ச்சுங்க எதிர்ப்புல கைவிட வேண்டியதாச்சு. 1872-ல இலவசம், கட்டாயம், மதச்சார்பில்லாததுன்னு சட்டம் வந்தப்ப இவரு சபையிலேயே இல்ல. 1871 எலெக்‌ஷன்ல பிரைட்டன்ல தோத்துட்டாரு, தோக்கடிச்சது டாமி பென்ட்னு ஒரு காய்கறித் தோட்டக்காரர், தொகுதியில ஒவ்வொரு வீட்டையும் தெரிஞ்சு வச்சிருந்த ஆளு, பின்னாடி பிரிமியர் வரைக்கும் போனவர். பெரிய கொள்கை பேசுற தலைவரு ரோடு எப்ப வரும்னு கேக்கிற வாக்காளருக்குப் பதில் சொல்லலன்னா நடக்கிறதுதான் அவருக்கும் நடந்துச்சு. 1873-ல வேற தொகுதியிலேர்ந்து திரும்பி வந்தாரு, 1876-ல ராஜினாமா.

அந்தக் குறுகிய காலத்துல அவரு பேசினதுல ஒண்ணை சொல்லணும், பெண்களுக்கு ஓட்டுரிமை. விக்டோரியாவுல இதுக்கு முன்னாடி ஒரு வேடிக்கையான சம்பவம் உண்டு, 1863 தேர்தல் சட்டத்துல நகராட்சி வரி கட்டுறவங்க பட்டியல்ல இருக்கிற "எல்லா நபர்களும்"னு எழுதிட்டாங்க, அந்தப் பட்டியல்ல பெண்களும் இருந்ததால 1864 எலெக்‌ஷன்ல சில பெண்கள் போய் ஓட்டே போட்டுட்டாங்க. சபை பதறிப் போய் 1865-ல "ஆண்"னு திருத்திடுச்சு. அப்படிப்பட்ட சபையில எழுந்து 1873-ல பெண்களுக்கு ஓட்டு வேணும்னு பேசுறது லேசு இல்ல. விக்டோரியா சட்டமன்றத் தேர்தல்ல பெண்களுக்கு ஓட்டு 1908-லதான் வந்துச்சு, ஆஸ்திரேலிய மாநிலங்கள்லயே கடைசியா.

1880-ல சுப்ரீம் கோர்ட் நீதிபதி, 1886-ல சீஃப் ஜஸ்டிஸ். சீஃப் ஜஸ்டிஸ் ஆனா சர் பட்டம் தானா வரும், இவரு வேணாம்னுட்டாரு. லண்டன் கொடுக்கிற பட்டத்துக்கு ஆசைப்பட்டு உள்ளூர் தலைவருங்க வளைஞ்சு போறாங்கங்கிறது அவரோட பழைய குற்றச்சாட்டு, தனக்கு வந்தப்பவும் மாத்திக்கல. அதோட நிக்கல. கவர்னர் லீவுல போனா சீஃப் ஜஸ்டிஸ்தான் பொறுப்பு கவர்னரா உக்காருவாரு, அது வழக்கம். இவரு முன்கூட்டியே லண்டனுக்கு எழுதித் தெரிவிச்சுட்டாரு, நான் அந்த நாற்காலியில உக்காந்தா விக்டோரியாவோட உள்விவகாரம் எதையும் உங்களுக்கு ரிப்போர்ட் பண்ண மாட்டேன், உங்க உத்தரவையும் கேக்க மாட்டேன், என் மந்திரிங்க சொல்றதைத்தான் கேப்பேன். விளைவு, 1889-ல அந்த வாய்ப்பு வந்தப்ப லண்டன் இவரைத் தாண்டி சர் வில்லியம் ராபின்சன்னு வேற ஒருத்தரைக் கொண்டு வந்து பொறுப்பு கவர்னரா உக்கார வச்சுச்சு. ஒரு வாய் மூடி இருந்திருந்தா கிடைச்சிருக்கும்.

வாய் மூடி இருக்கிறது அவருக்கு வரவே வராது போல. நீதிபதியா இருக்கிறப்பவே, 1883 ஆகஸ்ட்ல, காலின்ஸ் ஸ்ட்ரீட்ல இருக்கிற ஸ்காட்ஸ் சர்ச்ல அறிவியலும் மதமும்னு ஒரு சொற்பொழிவு பண்ணாரு. கடவுள் மேல அவருக்கு ஆழமான நம்பிக்கை உண்டு, ஆனா சபைகளோட பழைய கோட்பாடுகள் படிச்ச மனுஷனையும் கடவுளையும் பிரிக்குதுன்னு சர்ச்சுக்குள்ளேயே நின்னு சொன்னாரு. கூட்டத்துக்குத் தலைமை தாங்கின பாதிரியார் சார்ல்ஸ் ஸ்ட்ராங் அதைக் கேட்டுட்டு சும்மா இருந்தாருன்னு அவரு மேல பிரெஸ்பிட்டேரியன் சபை நடவடிக்கை எடுத்து, அவரு வெளியேறி 1885-ல ஆஸ்திரேலியன் சர்ச்னு தனியா ஆரம்பிக்க வேண்டியதாச்சு. பாவம் ஸ்ட்ராங், டார்லிங் மாதிரியே இவரும் ஹிகின்பாதம் பேச்சுக்குத் தான் விலை கொடுத்தவர். ஹிகின்பாதத்துக்குக் கூட நின்னவங்க லிஸ்டை எடுத்துப் பாத்தா இப்படி ஒரு வரிசை இருக்கு, அவரோட நேர்மைக்கான செலவை எப்பவும் அவரே கட்டலங்கிறதும் உண்மை.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன்.

1888 ஏப்ரல் கடைசியில ஆஃப்கான்னு ஒரு கப்பல் மெல்பர்ன் துறைமுகத்துக்கு வந்துச்சு, அதுல 268 சீனர்கள். விக்டோரியா சட்டப்படி சீனர்கள் நூறு டன்னுக்கு ஒருத்தர்னு கணக்குப் பண்ணித்தான் கப்பல்ல வரலாம், இறங்குறவங்க தலைக்கு பத்து பவுண்டு வரி கட்டணும். கப்பல் எண்ணிக்கையை மீறிடுச்சு, அது கப்பல்காரன் தப்பு. வந்தவங்க வரியைக் கட்டத் தயாரா இருந்தாங்க. ஊர்ல எதிர்ப்புக் கூட்டம் கூடுச்சு, மந்திரிங்க யாரையும் இறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, சுங்க அதிகாரி மஸ்க்ரோவ் வரியை வாங்கவே மறுத்துட்டாரு. கப்பல் அப்படியே சிட்னிக்குப் போச்சு, அங்கேயும் இறங்க விடல, அங்க சுப்ரீம் கோர்ட் தலையிட வேண்டி வந்துச்சு. மெல்பர்ன்ல அந்தப் பயணிகள்ல ஒருத்தர், ஆ டாய், மஸ்க்ரோவ் மேல கேஸ் போட்டாரு, சட்டம் கேட்ட வரியை நான் கொடுக்கத் தயாரா இருந்தேன், என்னைத் தடுக்க உங்களுக்கு எந்த சட்டம் அதிகாரம் கொடுத்துச்சுன்னு. கேள்வி எவ்வளவு நேரா இருக்கு பாருங்க.

ஆறு நீதிபதிங்க பெஞ்ச். நாலு பேர் ஆ டாய் பக்கம். எதிர்த்து எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் சீஃப் ஜஸ்டிஸ் ஹிகின்பாதம். அவரோட வாதம் என்னன்னா, விக்டோரியாவுக்கு பொறுப்பாட்சி கொடுத்தாச்சு, அப்ப உள்ளூர் விவகாரத்துல ராணிக்கு இருக்கிற அதிகாரமெல்லாம் உள்ளூர் மந்திரிங்க ஆலோசனைப்படிதான், வெளிநாட்டுக்காரனை உள்ள விடுறதும் மறுக்கிறதும் அந்த அதிகாரத்துல ஒண்ணு, அதனால மந்திரிங்க பண்ணது சரி. 1865-ல பேசின அதே கொள்கை, 1869-ல ராஜர்ஸுக்கு எதிரா பேசின அதே கொள்கை, ஒரு எழுத்து மாறல. லண்டன்காரன் நம்மள ஆளக் கூடாது, நாமதான் நம்மள ஆளணும். ஆனா அந்த "நாம"ல யாரு இருக்காங்க? 1869-லயே சொல்லிட்டாரே, பதினஞ்சு லட்சம் ஆங்கிலேயர்கள். தங்க வயல்ல முப்பது வருஷத்துக்கு மேல உழைச்ச சீனர்கள் அதுல இல்ல, அந்த மண்ணோட மக்களான பூர்வகுடிகள் இல்லவே இல்ல.

விசா வாங்கி இந்த ஊருக்கு வந்த எனக்கு அந்தத் தீர்ப்பைப் பத்திப் படிக்கிறப்ப வயிறு ஒரு மாதிரி ஆயிடும். பதிமூணு வருஷம் கழிச்சு, 1901-ல, ஆஸ்திரேலியா ஒரே நாடானதும் முதல் வேலையா குடியேற்றத் தடைச் சட்டம் போட்டாங்க, ஐரோப்பிய மொழி ஒண்ணுல அம்பது வார்த்தை டிக்டேஷன் வச்சு வேண்டாதவங்களை ஃபெயில் பண்ற சட்டம், இந்தியாவுலேர்ந்தும் இலங்கையிலேர்ந்தும் வந்தவங்களுக்கும் அதே கதவுதான் மூடுச்சு. அதுக்கு ஹிகின்பாதம் காரணம்னு சொன்னா தப்பு, அவரு அப்ப உயிரோடயே இல்ல. ஆனா பலவீனமான ஒருத்தன் அதிகாரத்துக்கு எதிரா கோர்ட்ல நின்னப்ப, இந்த மனுஷன் மத்த நேரமெல்லாம் யார் பக்கம் நின்னாரோ அந்தப் பக்கம் நிக்கல. அந்தக் காலம் அப்படின்னு சிலர் சமாதானம் சொல்வாங்க, அதே காலத்துல அதே பெஞ்ச்ல நாலு நீதிபதிங்க ஆ டாய் பக்கம் தீர்ப்பு எழுதியிருக்காங்களே. கேஸ் லண்டன்ல பிரிவி கவுன்சில் (காலனிகளுக்கெல்லாம் அப்ப அதுதான் கடைசி அப்பீல் கோர்ட்) வரைக்கும் போச்சு, 1891-ல அங்க ஆ டாய் தோத்துட்டாரு, வெளிநாட்டுக்காரனுக்கு பிரிட்டிஷ் மண்ணுல நுழைய கோர்ட்ல வழக்குப் போட்டு வாங்குற உரிமை கிடையாதுன்னு முடிச்சுட்டாங்க. ஹிகின்பாதம் பக்கம் பக்கமா எழுதின பொறுப்பாட்சிக் கேள்விக்கு அவங்க பதிலே சொல்லல.

1888-ல ஆ டாய், 1890-ல அந்த செக். ரெண்டு வருஷம்தான் இடைவெளி, ரெண்டுலயும் கையெழுத்து ஒரே ஆளோடது. இவரைப் புகழ்ந்து எழுதுறவங்க செக்கை மட்டும் சொல்வாங்க, நான் அப்படி எழுத மாட்டேன், ஆனா ஆ டாய் கேஸைக் காட்டி அந்த செக்கை அழிக்கவும் எனக்கு மனசு வரல. லைகன் ஸ்ட்ரீட் டிரேட்ஸ் ஹால்ல அந்த லெட்டரைப் பிரிச்சவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க, அரசாங்கம், பேங்க், பத்திரிகை, படை எல்லாம் எதிர்ல நிக்கிறப்ப, சீஃப் ஜஸ்டிஸ் உங்க கோரிக்கை நியாயமானதுன்னு சொல்றாரு.

ஸ்ட்ரைக் நவம்பர்ல தோத்துப் போச்சு. சங்கங்கள் கையில காசு தீர்ந்துடுச்சு, வெளியாட்களை வச்சு முதலாளிங்க வேலையை நடத்திட்டாங்க, நிபந்தனை இல்லாம தொழிலாளிங்க திரும்பினாங்க. இனி நம்ம ஆளுங்களையே சட்டமன்றத்துக்கு அனுப்பினாத்தான் வழின்னு அதுக்கப்புறம்தான் சங்கங்கள் முடிவு பண்ணுச்சு, தொழிலாளர் கட்சி வளந்ததுக்கு அந்தத் தோல்விதான் உரம். ஹிகின்பாதத்தை ராஜினாமா பண்ணச் சொல்லிக் கத்தினவங்க கத்தினாங்க, அவரு பதவியில இருந்துக்கிட்டே வேலையைப் பாத்தாரு. விக்டோரியா சட்டங்களை எல்லாம் ஒண்ணாத் தொகுத்து ஒழுங்குபடுத்துற பெரிய வேலையையும் அதே 1890-ல முடிச்சுக் கொடுத்தாரு, அதுக்கு சட்டமன்றம் நன்றி சொல்லுச்சு.

1892 டிசம்பர் 31-ல இறந்தாரு, சீஃப் ஜஸ்டிஸாவே. வயசு 66. அவரு விருப்பப்படி ஆர்ப்பாட்டம் இல்லாம அடக்கம் பண்ணாங்க. 1937-ல பால் மான்ட்ஃபோர்ட் செஞ்ச சிலையை ட்ரெஷரி கட்டடத்துப் பக்கத்துல வச்சாங்க, மெல்பர்ன்ல இருக்கிறவங்க பார்லிமென்ட் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்தே போய்ப் பாக்கலாம்.

அவரோட அந்தப் பெரிய கேள்வி மட்டும் அவரு போனப்புறமும் ரொம்ப நாள் தீரல. ஆஸ்திரேலியா ஒரு நாடாகி, ரெண்டு உலகப்போர் முடிஞ்சு, எல்லாம் ஆனப்புறமும் விக்டோரியா மாதிரி மாநிலங்களுக்கு கவர்னர் நியமனம் லண்டன் மந்திரி மேஜை வழியாத்தான் போச்சு. 1986-ல ஆஸ்திரேலியா சட்டம் வந்துச்சு, அதுலேர்ந்து விக்டோரியா பிரிமியர் நேரா ராணிக்கே ஆலோசனை சொல்லலாம்னு ஆச்சு, மாநிலக் கோர்ட்லேர்ந்து பிரிவி கவுன்சிலுக்குப் போற அப்பீலும் அத்தோட நின்னுச்சு.